தாமே வெளியிடும் புனைகதையும் இணையச் சந்தையும்

முன்னுரை

எழுதுதல் ஒரு கலை. எழுதியதை அதற்குரிய வாசகரிடம் கொண்டு சேர்த்தல் மற்றொரு கலை. முன்னதைப் பற்றி நம் இலக்கண நூல்களும் திறனாய்வு நூல்களும் விரிவாகப் பேசுகின்றன. பின்னதைப் பற்றிப் பேசுவது புலமைக்குப் பொருந்தாத வணிகப் பேச்சு என்று நாம் நெடுங்காலமாக ஒதுக்கி வந்திருக்கிறோம். இதன் விளைவை நாம் அறிவோம். தம் சேமிப்பைக் கொட்டியும், வீட்டிலுள்ள நகையை அடகு வைத்தும் ஐந்நூறு படிகள் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் ஐம்பது படிகளை அன்பளிப்பாக வழங்கிவிட்டு, எஞ்சியவற்றைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருக்கும் எழுத்தாளர்கள் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் உள்ளனர். அவர்களுள் பலர் இரண்டாவது நூலை எழுதுவதே இல்லை. ஒரு மொழிக்கு இது சிறிய இழப்பன்று.

இணையம் வந்தபின் இந்நிலை மாறும் என்று பலரும் நம்பினர். ஓரளவு மாறியும் உள்ளது. ஆயினும், அச்சிடும் செலவு குறைந்ததே தவிர, வாசகரைத் தேடும் உழைப்பு குறையவில்லை. தாமே தம் புனைகதையை வெளியிட்ட எழுத்தாளர்கள் இணையத்தின் வழியாக அதனை விற்பதற்குச் செய்து பார்த்த சோதனைகள் யாவை, அவற்றுள் எவை பயன் தந்தன, எவை கேடு விளைத்தன, நம் மாணவர்கள் அவற்றிலிருந்து பெறத்தக்கது யாது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழையதொரு வழக்கம்

ஆசிரியரே பதிப்பாளராவது புதிய செய்தியன்று. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் 'கிறிஸ்துமஸ் கேரல்' என்னும் நூலை 1843ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். சிவப்புத் துணிக்கட்டு, பொன்முலாம் பூசிய தாள் விளிம்பு, கையால் வண்ணம் தீட்டிய படங்கள் என நூலை அழகுற அமைத்தார். எல்லாரும் வாங்க வேண்டும் என்பதற்காக விலையை ஐந்து ஷில்லிங் அளவில் நிறுத்தினார். முதற்பதிப்பின் 6000 படிகளும் ஐந்தாறு நாள்களில் விற்றுத் தீர்ந்தன. ஆனால் அவர் எதிர்பார்த்த ஆதாயம் ஆயிரம் பவுண்டு; கைக்கு வந்ததோ ஏறத்தாழ 230 பவுண்டு மட்டுமே. விற்பனை வேறு, வருவாய் வேறு என்னும் பாடத்தை டிக்கன்ஸ் போன்ற பெரும்புகழ் பெற்றவரும் பணம் செலவழித்தே கற்க வேண்டியிருந்தது.

தமிழிலும் இதற்கு ஒப்பான முயற்சிகள் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சுச் செலவுக்காக அன்பர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றார். நூல் வெளிவருவதற்கு முன்னரே அதனை வாங்குவோரைத் திரட்டிக்கொள்ளும் இம்முறை, இன்று இணையத்தில் புதிய பெயர்களுடன் உலா வருகிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இணையம் கொணர்ந்த மாற்றம்

2007ஆம் ஆண்டு நவம்பரில் அமேசான் நிறுவனம் கிண்டில் என்னும் மின்னூல் படிப்பியை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. அதனுடன், எழுத்தாளர் எவரும் தம் நூலைத் தாமே ஏற்றி விற்கும் வாயிலையும் திறந்து வைத்தது. தொடக்கத்தில் விலையில் 35 விழுக்காடு ஆசிரியருக்குக் கிடைத்தது. 2010ஆம் ஆண்டின் இடைப்பகுதியிலிருந்து, 2.99 டாலர் முதல் 9.99 டாலர் வரை விலையிடப்படும் நூல்களுக்கு 70 விழுக்காடு பெறும் வாய்ப்பும் வழங்கப்பட்டது.

இவ்விரண்டு விகிதங்களின் பொருளை ஒரு சிறு கணக்கால் உணரலாம். 99 சென்ட் விலையுள்ள நூல் ஒன்று விற்றால் ஆசிரியருக்கு ஏறத்தாழ 35 சென்ட் கிடைக்கும். 2.99 டாலர் விலையுள்ள நூல் ஒன்று விற்றால், கோப்பை அனுப்பும் சிறு கட்டணம் நீங்கலாக, 2.09 டாலர் அளவில் கிடைக்கும். எனவே, மலிவான நூல் ஆறு படிகள் விற்றால்தான் மற்றதன் ஒரு படிக்கு ஈடாகும். மலிவு விலையால் ஆறு மடங்கு வாசகர் வருவாரா என்பதே எழுத்தாளர் முன் நின்ற முதல் வினா. இதற்கு விடையைச் சோதித்தே அறிய முடியும்.

விலையைக் கொண்டு செய்த சோதனை

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த அமாண்டா ஹாக்கிங் என்பவர் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவர். பதிப்பகங்களால் பலமுறை திருப்பி அனுப்பப்பட்ட தம் நாவல்களை அவர் 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் கிண்டிலில் ஏற்றத் தொடங்கினார். மூன்று நூல்கள் கொண்ட தம் தொடர்கதையின் முதல் நூலுக்கு 99 சென்ட், அடுத்த இரண்டுக்கும் 2.99 டாலர் என விலையிட்டார். முதல் நூல் வாசகரை அழைத்து வரும் வாயில். பின்னவை வருவாய் தரும் வயல் என்பது இதன் உட்கருத்து. தம் நூல்களை வலைப்பூக்களில் நூல் மதிப்புரை எழுதும் ஆர்வலர்களுக்கும் அவர் அனுப்பி வைத்தார். 2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற்குள் அவருடைய நூல்கள் பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றன.

இவ்வெற்றிக்குப் பின் அவர் செய்ததும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அதே மாதத்தில் செயின்ட் மார்ட்டின்ஸ் என்னும் பழம்பெரும் பதிப்பகத்துடன் நான்கு நூல்களுக்கு இருபது இலட்சம் டாலர் அளவில் ஒப்பந்தம் செய்துகொண்டார். தம் நேரமெல்லாம் மின்னஞ்சல், அட்டைப்படம், பிழைதிருத்தம் ஆகியவற்றில் கழிவதாகவும், தாம் எழுத்தாளராக இருக்கவே விரும்புவதாகவும் அவர் காரணம் கூறினார். தாமே விற்பதில் பணம் மிஞ்சலாம். ஆனால் எழுதும் பொழுது குறையும். இந்த விலையை எந்தக் கணக்கேடும் காட்டுவதில்லை.

தொடராக வழங்கிய சோதனை

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வார இதழில் தொடராக வந்தே தமிழ் வீடுகளில் புகுந்தது என்பதை நாம் அறிவோம். இதே முறையை இணையத்தில் கையாண்டவர் ஆண்டி வெய்ர். கணிப்பொறி நிரல் எழுதும் தொழிலில் இருந்த அவர், செவ்வாய்க் கோளில் தனியே விடப்பட்ட விண்வெளி வீரனின் கதையை 2009ஆம் ஆண்டு முதல் தம் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக வெளியிட்டார். பல்லாண்டுகளாக அவர் எழுதி வந்தவற்றைப் படிக்க ஏறத்தாழ 3000 வாசகர்கள் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்திருந்தனர். அவர்களுள் அறிவியல் கற்றோர் பிழைகளைச் சுட்டிக் காட்ட, அவர் திருத்திக்கொண்டே சென்றார்.

கதை முடிந்ததும், கிண்டிலில் படிக்க வசதி வேண்டும் என்று வாசகர்களே கேட்டனர். அமேசான் அனுமதித்த மிகக் குறைந்த விலையான 99 சென்டுக்கு அதனை அவர் ஏற்றினார். இணையதளத்தில் அதே கதை இலவசமாகக் கிடைத்தும், விலை கொடுத்து வாங்கியோரே மிகுதியாக இருந்தனர் என்று அவர் பின்னர்க் கூறியுள்ளார். மூன்று மாதங்களில் 35,000 படிகள் விற்றன. 2014இல் கிரவுன் பதிப்பகம் அதனை வெளியிட்டது. 2015இல் அது திரைப்படமாயிற்று. இலவசமாகக் கொடுத்தால் எவரும் வாங்கமாட்டார் என்னும் பொதுக் கருத்து எல்லா இடங்களிலும் பொருந்துவதில்லை என்பதும், வாசகர்கள் விலையைவிட எளிமையையே பெரிதாகக் கருதுவதுண்டு என்பதும் இதனால் பெறப்படுகின்றன.

ஹியூ ஹோவி என்பவரின் பட்டறிவு சற்று வேறானது. புத்தகக் கடையொன்றில் பணியாற்றிய அவர், 'வுல்' என்னும் குறுங்கதையை 2011ஆம் ஆண்டு ஜூலையில் 99 சென்ட் விலையில் ஏற்றினார். அதற்கென அவர் விளம்பரம் எதுவும் செய்யவில்லை. விளம்பரம் செய்த தம் பிற நூல்களைவிட அதுவே மிகுதியாக விற்பதைக் கண்டார். வாசகர்களின் மதிப்புரைகள் தொடர்ச்சியைக் கேட்கவே, மேலும் நான்கு பகுதிகளை எழுதி 2012 தொடக்கத்தில் ஒரே நூலாகத் தொகுத்தார். பின்னர்ப் பெரும் பதிப்பகம் ஒன்று அழைத்தபோது, அச்சு உரிமையை மட்டும் கொடுத்து, மின்னூல் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அந்நாளில் இது அரிதினும் அரிதான ஒப்பந்தமாகும். எந்தக் கதை விற்க வேண்டும் என்று ஆசிரியர் நினைக்கிறாரோ அதனை விடுத்து, எதனை வாசகர் நாடுகிறாரோ அதனை உற்றுநோக்கியதே அவருடைய சோதனையின் சிறப்பு எனலாம்.

முன்பதிவு என்னும் சோதனை

2022ஆம் ஆண்டு மார்ச்சில், புகழ்பெற்ற புனைகதையாசிரியர் பிராண்டன் சாண்டர்சன், பெருந்தொற்றுக் காலத்தில் எவருக்கும் தெரிவிக்காமல் எழுதிய நான்கு நாவல்களைத் தாமே வெளியிடப் போவதாகக் கிக்ஸ்டார்ட்டர் என்னும் நிதிதிரட்டும் தளத்தில் அறிவித்தார். ஒரே மாதத்தில் 1,85,341 பேர் 4 கோடியே 17 இலட்சம் டாலருக்கு மேல் முன்பணம் செலுத்தினர். உ.வே.சா. கையொப்பம் திரட்டிய முறையின் பேருருவம் இது. ஆயினும் இதனைக் கண்டு புதிய எழுத்தாளர் மயங்கலாகாது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் திரட்டிய வாசகர் கூட்டம் அவருக்குப் பின்னால் நின்றது. முன்பதிவு முன்னரே உள்ள நம்பிக்கையைப் பணமாக மாற்றும்; இல்லாத நம்பிக்கையை அது உண்டாக்காது.

நெறி பிறழ்ந்த வழிகள்

சந்தை உள்ள இடத்தில் கலப்படமும் இருக்கும். ஜான் லாக் என்னும் அமெரிக்க எழுத்தாளர், தாமே வெளியிட்டுப் பத்து இலட்சம் கிண்டில் நூல்களை விற்ற முதல் எழுத்தாளர் என 2011இல் புகழப்பட்டார். அவ்வெற்றியின் இரகசியத்தை விளக்கி ஒரு நூலும் எழுதினார். ஆனால், விலை கொடுத்து நூற்றுக்கணக்கான மதிப்புரைகளைப் பெற்றதை அந்நூலில் அவர் குறிப்பிடவில்லை. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதனை வெளிப்படுத்தியது.

மற்றொரு நிகழ்ச்சியும் நோக்கத்தக்கது. 2014இல் அமேசான் மாதக் கட்டணத்தில் வேண்டிய நூல்களைப் படிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2015ஆம் ஆண்டு ஜூலை முதல், வாசகர் படித்த பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியருக்குத் தொகை வழங்கப்பட்டது. உடனே சிலர், தொடர்பற்ற பழைய கதைகளையெல்லாம் நூலின் பின்னே சேர்த்துப் பக்கங்களைப் பெருக்கினர். ஒரு நூலுக்கு 3000 பக்கம் என வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. ஒரே பொதுத்தொகை எல்லா ஆசிரியர்களுக்கும் பகிரப்படுவதால், ஏமாற்றியவர் எடுத்தது நேர்மையாக எழுதியவரின் பங்கேயாகும். அண்மையில் செயற்கை நுண்ணறிவு கொண்டு நூல்களைக் குவிக்கும் போக்கு எழுந்தபோது, 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நிறுவனம், அவ்வாறு உருவாக்கிய பகுதிகளைத் தன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒருவர் ஒரு நாளில் மூன்று நூல்களுக்கு மேல் ஏற்றக்கூடாது என்றும் விதித்தது.

மதிப்புரை என்பது ஒரு வகைச் சாட்சியம். விலைக்கு வாங்கிய சாட்சியம் வழக்கை ஒருநாள் வெல்லலாம். ஆனால் நீதிமன்றத்தின் மீதுள்ள நம்பிக்கையை அது கெடுத்துவிடும். பொய்ப் புகழுரையை நம்பி வாங்கிய வாசகர், அடுத்த முறை பெயரறியாத புதிய எழுத்தாளர் எவரையும் நம்பமாட்டார்.

சோதனையைச் செய்யும் முறை

சோதனை என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிவதன்று. அதற்கு ஒழுங்கு வேண்டும்.

முதலாவதாக, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல் வேண்டும். அட்டைப்படம், விலை, நூல் அறிமுகக் குறிப்பு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், விற்பனை கூடியதற்கோ குறைந்ததற்கோ காரணம் எது என்று எவராலும் கூற இயலாது.

இரண்டாவதாக, போதிய காலம் விட்டு நோக்க வேண்டும். ஒரு வாரத்தில் மூன்று படிகளும் மறுவாரத்தில் ஐந்து படிகளும் விற்றால் அது முன்னேற்றம் ஆகாது, தற்செயலாகவும் இருக்கலாம். பெருநாள், பொங்கல், தேர்வுக் காலம் ஆகியவையும் விற்பனையைப் பாதிக்கும்.

மூன்றாவதாக, செலவைக் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, இணைய விளம்பரத்தை ஒருவர் சொடுக்கினால் ரூ.5 செலவு எனவும், நூறு பேர் சொடுக்கினால் நால்வர் வாங்குகின்றனர் எனவும், நூல் ஒன்றுக்கு ஆசிரியருக்கு ரூ.70 கிடைக்கிறது எனவும் கொள்வோம். செலவு ரூ.500, வரவு ரூ.280. இழப்பு ரூ.220. ஆனால் அந்நூல் மூன்று பகுதித் தொடரின் முதல் நூலாக இருந்து, நால்வருள் இருவர் ஏனைய இரண்டையும் வாங்கினால், மேலும் ரூ.280 வரும். அப்போது இழப்பு நீங்கி ரூ.60 மிஞ்சும். ஒரே ஒரு நூலை எழுதிவிட்டு விளம்பரத்தில் பணத்தைக் கொட்டுவது ஏன் தவறு என்பது இக்கணக்கால் விளங்கும்.

நான்காவதாக, வாசகரின் முகவரி ஆசிரியரின் கையில் இருக்க வேண்டும். விற்பனைத் தளத்தின் விதிகள் நாளை மாறலாம். சமூக ஊடகத்தின் கணக்கு முடக்கப்படலாம். தாமே விரும்பிச் சேர்ந்த வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியல் மட்டுமே எவராலும் பறிக்க முடியாத சொத்து. வெய்ருக்குக் கைகொடுத்தது அத்தகைய பட்டியலே.

தமிழ்ச் சூழலில்

2016ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளின் நூல்கள் கிண்டிலில் இடம்பெற்றன. தமிழில் எழுதுவோரும் தம் நூல்களை அதில் தாமே ஏற்றி விற்கின்றனர். ஆயின் விதிகளை நன்கு படித்தறிதல் வேண்டும். இந்திய வாசகர் வாங்கும் படிக்கு 70 விழுக்காடு பெற வேண்டுமானால், 90 நாள்களுக்கு அம்மின்னூலை வேறெங்கும் வெளியிடுவதில்லை என ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வாறு ஒப்புக்கொண்டவர் அந்த 90 நாள்களில் ஐந்து நாள்கள் நூலை இலவசமாக வழங்கலாம். அக்காலத்தில் அதே மின்னூலைத் தம் வலைப்பூவில் வைத்தால் ஒப்பந்தம் மீறப்படும். வெய்ர் செய்ததை அப்படியே பின்பற்ற நினைப்பவர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

நூல் வெளியிட்டுத் தருவதாகக் கூறி எழுத்தாளரிடமே பெருந்தொகை கேட்கும் நிறுவனங்களும் இன்று பெருகியுள்ளன. அவற்றுள் நேர்மையானவையும் உண்டு. எனினும், வாசகரிடமிருந்து வருவாய் பெறுபவர் நூலை விற்க முயல்வார். எழுத்தாளரிடமிருந்தே வருவாய் பெறுபவருக்கு நூல் விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. இவ்வேறுபாட்டை உணராமல் கையெழுத்திடுவோர், கட்டிலுக்கடியில் அடுக்கிய பழைய கதைக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

மற்றொன்றும் கூற வேண்டும். மேலே கூறிய எழுத்தாளர்கள் வென்றவர்கள். அதனால் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள். அதே விலையில், அதே முறையில் வெளியிட்டு விற்காமற்போன எண்ணற்றோரின் பெயர்கள் நமக்குத் தெரியா. எனவே அவர்களின் வழிமுறை வெற்றிக்கு உறுதி தரும் மந்திரம் ஆகாது. அவர்களிடம் பொதுவாக இருந்த பண்புகளே நாம் கொள்ளத்தக்கவை: இடைவிடாமல் எழுதினர், வாசகர் சொன்னதைக் கேட்டனர், சிறிய செலவில் சோதித்துப் பார்த்தனர்.

முடிவுரை

தாமே வெளியிடும் எழுத்தாளர் மூன்று கடமைகளைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். எழுத்தாளராக நல்ல கதையைத் தருதல். பதிப்பாளராகப் பிழையற்ற நூலாக அமைத்தல். வணிகராக நேர்மையுடன் விற்றல். இவற்றுள் முதலிரண்டும் குறைந்து மூன்றாவது மட்டும் ஓங்கினால் விளம்பரம் வாசகரை ஒருமுறை மட்டுமே ஏமாற்றும். முதலிரண்டும் நிறைந்து மூன்றாவது இல்லையேல் நல்ல நூலொன்று வாசகரைக் காணாமலே மறையும்.

நம் துறை மாணவர்களுள் பலர் இன்று கைப்பேசியிலேயே கதை எழுதுகின்றனர். அவர்கள் அச்சகத்தை நோக்கி ஓடுவதற்கு முன், ஒரு சிறுகதையை முதலில் இணையத்தில் இட்டு, அறிமுகமில்லாத இருபது பேர் அதனை இறுதிவரை படிக்கின்றனரா என்று பார்ப்பார்களாக. உறவினர், நண்பர் கூறும் பாராட்டை அக்கணக்கில் சேர்க்க வேண்டா. இருபது பேர் படித்து, அவர்களுள் இருவர் அடுத்த கதை எப்போது என்று கேட்பாராயின், அதுவே தொடக்கம். கேட்கவில்லையாயின், செலவானது சில நாள் உழைப்பே. வீட்டின் நகை வீட்டிலேயே இருக்கும், எழுதும் கையும் சோர்ந்திராது. அடுத்த கதையை இன்னும் நன்றாக எழுத அது போதுமானது.